அப்பாவும் மூன்றாவது சக்கரமும்

மோட்டாரிலிருந்து விழுந்த கதையை நான் மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் சொன்னபோது குறுக்கே ஒரு நாய் ஓடியது. அலுவலகத்தில் சொன்னபோது பின்னால் வந்த லோரி நெருக்கியது. வானொலியில் நேயர்களிடம் சொன்னபோது நாயும் இல்லை, லோரியும் இல்லை, மழை மட்டும்தான். மூன்றிலும் மாறாமல் இருந்தது மணல்.

மணல் உண்மைதான். சிம்மோரிலிருந்து ஈப்போ போகும் பழைய சாலையில் கல்லுடைப்பு லோரிகள் சிந்துவதை இரவு மழை அடித்துக்கொண்டு வந்து வளைவுகளில் பாய் விரித்தாற்போல் பரப்பி வைத்திருக்கும். ஆறு மணிக் காலை நிகழ்ச்சிக்கு ஐந்து மணிக்குள் நான் நிலையத்தில் இருக்க வேண்டும். அன்று நாலே முக்காலுக்கு அந்த வளைவில் திரும்பினேன். முன்சக்கரம் எனக்குச் சொல்லாமலேயே வேறு பக்கம் போனது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, சாலையில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்ற முயன்று இடது கை ஒத்துழைக்காததுதான். மணிக்கட்டில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு.

அந்த ஆறு வாரமும் கணவர்தான் காடியில் கொண்டுபோய் விட்டார். பின்சீட்டில் போர்வைக்குள் எங்கள் மகன். நாலு வயசுப் பிள்ளையை நாலு மணிக்குத் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டு வருவது என்ன நியாயம் என்று நானே கேட்டுக்கொள்வேன். வீட்டில் இருப்பது ஒரே காடி, அவருக்கும் ஷிப்ட் வேலை. கட்டுப் பிரித்ததும் மறுபடி என் மோட்டாரில் ஏறினேன். அந்த வளைவு வந்ததும் இரண்டு கையும் இறுகிக்கொண்டன. கை இறுகினால் மோட்டார் திரும்பாது. ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

அப்போதுதான் மூன்று சக்கர ஸ்கூட்டர் மனத்தில் ஏறியது. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. ஒரு சக்கரம் மணலில் வழுக்கினாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேல் மோட்டாரில் போகிறவர்கள். அந்தச் செய்தியை எத்தனையோ முறை ஒலிவாங்கியில் நானே வாசித்திருக்கிறேன். வாசித்துவிட்டு அடுத்த பாட்டைப் போட்டிருக்கிறேன். மாவுக்கட்டுக்குப் பிறகு அப்படி வாசிக்க முடியவில்லை.

"மூணு சக்கரமா?" என்று அப்பா சிரித்தார். "நான் ஓட்டாத மூணு சக்கரமா?"

மறந்தே போயிருந்தேன். சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் லயத்து வாசலில் ஒரு சைட்கார் நிற்கும். பாட்டிக்குச் சர்க்கரை நோயில் ஒரு கால் எடுத்த பிறகு, அப்பா தம் காப்சாய்க்கு இடப்பக்கம் ஒரு சக்கரமும் இரும்புத் தொட்டியும் வைத்துப் பற்றவைத்தார். பட்டணத்துச் சீனர் பட்டறையில் செய்தது. பாட்டி அதில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கிளினிக் போகும்போது தோட்டமே கையசைக்கும்.

"அது மோட்டார் இல்ல, பாப்பா. மாட்டு வண்டி" என்றார் அப்பா. "முடுக்கினா இடப்பக்கம் இழுக்கும், பிரேக் புடிச்சா வலப்பக்கம் ஓடும். சாயவே சாயாது. இடப்பக்கம் வேகமாத் திரும்பினா தொட்டி மேல தூக்கும். பாட்டி உள்ள இருந்தா பரவாயில்ல. அவங்கள இறக்கிட்டு வெறும் தொட்டியோட வரும்போதுதான் ஆபத்து. அரிசி மூட்டை அளவுக்கு மணல் கட்டி வச்சிருப்பேன்."

இதைக் கேட்ட பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். மூன்று சக்கரம் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு ஜாதி வண்டிகள் இருக்கின்றன. சாயாத ஜாதி ஒன்று. அப்பாவின் சைட்கார், ஒட்டுக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் தள்ளுவண்டி மோட்டார், 2007-ல் கனடாவில் வந்த கேன்-ஆம் ஸ்பைடர் எல்லாம் அந்த வகை. ஸ்பைடர் விலையில் ஒரு தாமான் வீட்டுக்கு முன்பணமே கட்டலாம், இருந்தாலும் வளைவில் அதுவும் சைட்காரின் சொந்தக்காரன்தான். வளைவில் உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும், கைப்பிடியைக் காடி ஸ்டீயரிங் மாதிரி வலிந்து திருப்ப வேண்டும்.

சாயும் ஜாதி இன்னொன்று. இங்கிலாந்தின் பிஎஸ்ஏ நிறுவனம் 1970-ல் ஏரியல் 3 என்று ஒன்றைச் செய்து கையைச் சுட்டுக்கொண்டது. அதில் பின்பக்கம் இரண்டு சக்கரம், முன்பாதி மட்டும் சாயும். அந்த உரிமத்தை வாங்கிய ஹோண்டா 1981-ல் ஸ்ட்ரீம் வண்டியைக் கொண்டுவந்தது. முன்னால் இரண்டு சக்கரம் வைத்துச் சாய்வது பிரபலமானது பியாஜியோ எம்பி3 வந்த 2006-க்குப் பிறகுதான். யமஹா 2014-ல் ட்ரைசிட்டியையும், 2018-ல் பெரிய எஞ்சினோடு நிக்கனையும் இறக்கியது. முன்சக்கரங்கள் இரண்டையும் மேலும் கீழுமாகக் குறுக்குக் கைகள் இணைக்கும். கட்டுத் தளர்ந்த ஏணியைப் பக்கவாட்டில் தள்ளினால் இரண்டு கால்களும் ஒன்றாகச் சாயுமே, அந்தக் கணக்கு. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மற்றது இறங்கும், வண்டி நிமிர்ந்தே இருக்கும்.

நண்பர் ஒருவர் இப்படியொரு சின்ன ஸ்கூட்டரை வாங்கிய சில மாதத்திலேயே சிங்கப்பூருக்கு வேலை மாற்றம் கிடைத்து, விற்க நினைத்துக்கொண்டிருந்தார். "ஞாயிற்றுக்கிழமை முழுக்க வச்சுக்க, பிடிச்சா சொல்லு" என்று சாவியைக் கொடுத்தார். கடையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் சீட்டு மெத்தென்று இருக்கிறதா என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நாம் தினம் போகும் சாலையில் ஓட்ட வேண்டும். முடிந்தால் விழுந்த சாலையிலேயே.

முதல் அரை மணி நேரம் எல்லாம் கனமாகத் தெரிந்தது. காப்சாய் நூறு கிலோ பக்கம் இருக்கும். இது 150-ஐத் தாண்டும். வீட்டு வாசலில் தள்ளித் திருப்பும்போது இடுப்பு சொன்னது. ஓடத் தொடங்கியதும் கனம் போய்விட்டது. நான் பயந்த இன்னொன்றும் நடக்கவில்லை: சிக்னலில் காடிகளுக்கு நடுவே நுழைவது. வண்டியின் அகலம் கைப்பிடியில்தான், முன்சக்கரங்கள் அதற்கு உள்ளேயே அடங்கிவிடுகின்றன. காப்சாய் போகும் சந்தில் இதுவும் ஏறக்குறையப் போகும்.

குழிகள் வேறு கதை. இரண்டு சக்கர மோட்டாரில் நாம் குழியை ஒரு கோடாக விலக்கிப் பழகியவர்கள். இதில் மூன்று கோடு: முன்னால் இடம், வலம், பின்னால் நடு. முன்சக்கரங்கள் தப்பித்தால் குழி நடுவில் வந்து பின்சக்கரத்தில் "டொக்" என்று அடிக்கிறது. பேராக் சாலைகளைத் தெரிந்தவர்கள் இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். டயர் மாற்றும்போதும் மூன்று என்பது நினைவிருக்கட்டும்.

அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அந்த வளைவுக்குப் போனேன். மணல் அங்கேதான் இருந்தது, எனக்காகக் காத்திருந்தது மாதிரி. வேண்டுமென்றே அதன் மேல் விட்டேன். இடது சக்கரம் ஒரு கணம் உதறியது, வலது பிடித்துக்கொண்டது, வண்டி ஒன்றும் நடக்காததுபோல் வளைந்து வெளியே வந்தது. கை இறுகவில்லை. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அப்பா சிரிக்கவில்லை. பின்னாலிருந்து தோள் வழியாக மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அன்னைக்கும் எழுபதுலதான் வந்தியா?"

வண்டியை ஓரம் கட்டினேன். மூன்று விதமாகச் சொன்ன கதையின் நாலாவது விதத்தை அங்கே, அந்தச் சாலையோரத்தில் அவரிடம் சொன்னேன். அன்று அலாரத்தை இரண்டு முறை அணைத்துவிட்டுத் தூங்கினேன். பதினைந்து நிமிடம் தாமதம். அந்த வளைவில் வழக்கமாக ஐம்பதில் போகிறவள் அன்று எழுபதில் போனேன். நாய் இல்லை. லோரி இல்லை. மணல் தினமும் இருந்தது, தினமும் நான் அதைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

அப்பா திட்டவில்லை. "பால் தோம்பு கட்டின காலத்துல" என்று தொடங்கினார். காப்சாயின் இரண்டு பக்கமும் தோம்பு கட்டிச் செம்மண் பாதையில் பால் கொட்டகைக்கு இறங்குவார்கள். தோம்பு நிறையப் பால் இருந்தால் ஆடாது. அரைத் தோம்புதான் ஆளைக் கவிழ்க்கும், திரும்பும்போது பால் ஒரு பக்கம் ஓடி இழுத்துவிடும். அதனால் அரைத் தோம்போடு இறங்குகிறவர்கள் ஊர்ந்துதான் போவார்கள். "நிறைஞ்ச தோம்புன்னா தைரியமா விடுவோம். அதிகமா விழுந்ததும் நிறைஞ்ச தோம்பு வச்சவங்கதான்."

எனக்குப் புரிந்தது. புது வண்டி எனக்குக் கொடுத்த கூடுதல் பிடிமானத்தை முதல் நாளே வேகமாகச் செலவு செய்துவிட்டேன். ஒரு மாதம் ஓட்டினால் எழுபது எண்பதாகும். இதே வண்டி ஐம்பதைத் தாண்டாத ஒருவரிடம் இருந்தால் அவரை மழையிலும் மணலிலும் கூடுதலாகக் காப்பாற்றும், அதில் சந்தேகமில்லை. பக்கச் சந்திலிருந்து காடி எட்டிப் பார்த்தால் சட்டென்று பிரேக் பிடிக்க முன்னால் இரண்டு டயர் தரையைக் கவ்வுவது பெரிய விஷயம். அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குகிறவளுக்கு அது வேறு விதமாகத்தான் பயன்படும். விளம்பரங்களில் 'உங்கள் ஓட்டும் பாணிக்கு' என்று போடுகிறார்களே, அந்தப் பாணி பற்றி நாம் கடைக்காரரிடம் சொல்வதும் நான் அம்மாவிடம் சொன்ன கதை மாதிரிதான் இருக்கும்.

அங்கிருந்து திரும்பி, சிம்மோரைத் தாண்டி, அப்பாவின் தோட்டத்துக்குப் போனோம். ரப்பர் போய் இப்போது எல்லாம் செம்பனை. லயங்கள் இல்லை, கோயிலும் ஒரு மாமரமும் இருக்கின்றன. செம்மண் பாதை அப்படியே இருக்கிறது.

"ஒரு தடவை கொடு" என்றார்.

அப்பாவுக்கு 69 வயது. இரண்டு வருடத்துக்கு முன் இடது முட்டியில் அறுவை. அதற்குப் பிறகு மோட்டாரைத் தொடவில்லை. தொடக்கூடாது என்று சொன்னது மருத்துவர் அல்ல, அம்மாவும் நானும்தான். சந்தைக்கு, கோயிலுக்கு, கோப்பி குடிக்க என்று எங்கே போவதென்றாலும் யாராவது வரும்வரை வாசலில் சட்டையை மாட்டிக்கொண்டு காத்திருப்பார். யாரையும் குறை சொன்னதில்லை.

கொடுத்தேன். அவர் செம்பனை வரிசைக்குள் போய் மறைந்தார். சத்தம் மட்டும் கேட்டது. அவர் திரும்பி வந்து நிறுத்தியபோதுதான் என் வயிறு கலங்கியது.

பலருக்கும் தெரியாத விஷயம் இது. சாயும் மூன்று சக்கர வண்டி நிறுத்தினால் தானாக நிற்காது. சாய்வதற்காகச் செய்யப்பட்டது நின்ற பிறகும் சாயும், காலை ஊன்றத்தான் வேண்டும். எம்பி3-இல் நிற்கப் போகும் நேரத்தில் சாய்வைப் பூட்டும் ஒரு பொத்தான் உண்டு. 2020-ல் வந்த ட்ரைசிட்டி 300-இலும் அப்படி ஒரு வசதி இருக்கிறது. நண்பரின் சின்ன வண்டியில் இல்லை. ஐம்பது வருடம் காப்சாய் ஓட்டியவருக்கு வலது கால் பிரேக்கில் இருக்கும், இடது கால்தான் தரைக்குப் போகும். ஸ்கூட்டரில் கால் பிரேக்கே இல்லை, ஆனால் பழக்கம் யாரைக் கேட்கிறது? அப்பாவின் இடது கால், அந்த முட்டியோடு, கீழே போனது. 150 கிலோ அதன் மேல் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு தாங்கி நின்றார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"வலது காலை ஊனணும். மறந்துட்டேன்" என்றார். முகம் வேறு மாதிரி இருந்தது. அந்த முகத்தைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை.

இரவு கணக்குப் போட்டேன். பூட்டு உள்ள வண்டி வாங்கலாம் என்றால் ட்ரைசிட்டி 300 போன்றவை 240 கிலோவை நெருங்குகின்றன. எஞ்சின் 292 சிசி. அப்பாவிடம் இருப்பது பி2 லைசென்ஸ், 250 சிசி வரைதான் செல்லும். தவிர, நம் லைசென்ஸில் மூன்று சக்கர வாகனத்துக்கென்றே 'சி' என்று ஒரு பிரிவு இருக்கிறது. யார் இந்த வண்டிகளை வாங்குவதாக இருந்தாலும், கிராண்டில் எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, ஜேபிஜே முகப்பில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். சின்னதற்கு முட்டி தாங்க வேண்டும், பெரியதற்கு லைசென்ஸும் உடம்பும் தாங்க வேண்டும். முட்டிக்காக வண்டி தேடுகிறவருக்கு இதைவிடப் பொல்லாத கணக்கு இருக்க முடியாது.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது எனக்கு வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். என் பழைய மோட்டாருக்கு இரண்டு புது டயர் போட்டேன். அலாரக் கடிகாரம் இப்போது படுக்கைக்குப் பக்கத்தில் இல்லை, குளியலறை வாசலில் இருக்கிறது. அந்த வளைவில் நாற்பத்தைந்து. இன்னும் கை கொஞ்சம் இறுகுகிறது.

சாவி கொடுத்த மறுநாள் மத்தியானம், நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசலில் கோபமாக நின்றுகொண்டிருந்தார்.

"உங்கப்பாவ என்னன்னு கேளு. காலையிலேர்ந்து கேட்டைத் தொறக்கறதும் மூடறதுமா இருக்காரு."

அப்பா பக்கவாட்டுக் கேட்டருகே குந்த முடியாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் அளவு நாடா. என்னைப் பார்த்ததும் அதைச் சுருட்டிக்கொண்டார்.

"முப்பத்தஞ்சு அங்குலம் இருக்கு, பாப்பா. கைப்பிடி முப்பதுக்குள்ளதானே?"

"ஆமாப்பா."

"சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, வலது காலை ஊன்றி எழுந்தார்.