ராஜியில் முடிந்த தாவா

எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் ஒரு வாக்கியம் உண்டு. "வெள்ளைக்காரத் துரை நம் பேரேட்டைத் தள்ளிவிட்டான், அன்றோடு கடை போயிற்று" என்பது அது. சாத்தூரில் பருத்திக் கடை வைத்திருந்த என் பாட்டனாருக்குப் பாட்டனார், தம்மிடம் முன்பணம் பெற்றுக்கொண்டு சரக்கும் தராமல் பணமும் தராமல் ஏமாற்றிய ஒரு தரகர்மீது தாவா போட்டதாகவும், பேரேட்டில் பற்று எழுதியிருந்தும் நீதிபதி அதை ஏறிட்டுப் பாராமல் ஒதுக்கியதாகவும், அதன்பின் கடையும் வீடும் கைவிட்டுப் போயினவாகவும், கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் பெரியவர்கள் சொல்லக் கேட்டே வளர்ந்தேன். அந்த வாக்கியம் சிறுவயது முதலே எனக்கு உறுத்தலாக இருந்துவந்தது. கணக்கு உண்மையானதாயின் நீதிபதி அதை ஏன் தள்ளவேண்டும்? பொய்யானதாயின் நாம் அதை இவ்வளவு பெருமிதத்தோடு ஏன் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை காணவேண்டும் என்ற ஆவலே, பிற்காலத்தில் என்னைக் கோர்ட்டுக் கட்டிடங்களின் பின்கட்டுகளில் அலைய வைத்தது.

சட்ட நூல்களைப் புரட்டியபோது முதலில் கதைக்குச் சாதகமான ஒன்றே கண்ணில் பட்டது. 1855-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், வழக்கமாக எழுதிவரும் வியாபாரக் கணக்குப் புஸ்தகங்களை மற்றச் சாட்சியத்துக்கு வலிமை சேர்ப்பதற்காக ஏற்கலாமேயன்றி, அவற்றையே தனித்து நிற்கும் ருசுவாகக் கொள்ளலாகாது என்று விதித்திருந்தது. 1872-இல் ஸ்டீபன் துரை வகுத்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 34-ஆவது பிரிவும், கணக்கில் உள்ள பதிவு ஒன்றைமட்டும் ஆதாரமாக வைத்து ஒருவனைக் கடனாளியாக்கிவிட முடியாது என்று அதையே உறுதி செய்தது. ஆகவே, நேர்மையான ஒரு பேரேடும் நீதிமன்றத்தில் தோற்றுப்போக இடமிருந்தது என்று தெரிந்தது. தெரிந்ததும், கோர்ட்டின் அடையாளக் குறி இடப்பட்ட அந்தப் பேரேட்டை ஒருமுறையேனும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற வேட்கை எனக்கு உண்டாயிற்று.

எங்கள் ஜில்லாக் கோர்ட்டின் ரிக்கார்டு ரூமில் அந்த வேட்கை நெடுங்காலம் முட்டி நின்றது. கூரையைத் தொடும் அலமாரிகளில் சிவப்புத் துணியில் பொதிந்த கட்டுகள் வரிசையாக இருக்க, அவற்றுள் எங்கள் கட்டும் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் என்றே நம்பி, நகல் மனுவும் முத்திரைக் கட்டணமுமாகப் போய் நின்றேன். அங்கே இருந்த ரிக்கார்டு கீப்பர் பொறுமைசாலி. என் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, கட்டைத் தேடுவதற்கு முன் கட்டு இருக்க நியாயம் உண்டா என்று பார்ப்போம் என்று சொல்லி, ஒரு பழைய விதித் தொகுப்பை எடுத்து என் முன் வைத்தார். 1879-ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டத்தின்படி, தம்மிடமும் தமக்குக் கீழ்ப்பட்ட கோர்ட்டுகளிடமும் உள்ள பழைய ஆவணங்களில் எவற்றை எப்போது அழிக்கலாம் என்று விதி செய்துகொள்ள ஹைகோர்ட்டுகளுக்கு அதிகாரம் கிடைத்தது. 1917-இல் வேறொரு சட்டம் அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. நிலபுலன் சம்பந்தமான தாவாக்களின் கட்டுகளுக்கு ஆயுள் அதிகம். கைம்மாற்று, கொள்முதல், முன்பணம் என்று வெறும் பணத்தைப் பற்றிய தாவாக்களின் கட்டுகளுக்கு ஆயுள் குறைவு. எங்களுடையது பணத் தாவா. அது என் பாட்டனார் பிறப்பதற்கு முன்பே சாம்பலாகியிருக்கக்கூடும்.

கட்டு பிழைத்திருந்தாலும் பேரேடு அதில் இருந்திராது என்பதை அதன்பின்னரே அறிந்தேன். 1859-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம், கடைக் கணக்கை ஆதாரமாகக் காட்டும் வாதி, புஸ்தகத்தையும் தான் நம்பும் பதிவின் நகலையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும் என்றும், கோர்ட்டார் புஸ்தகத்தில் அடையாளமிட்டு, நகலை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் புஸ்தகத்தை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் கூறியது. வியாபாரிக்கு அது நியாயமான ஏற்பாடு. நாள்தோறும் எழுதவேண்டிய கணக்கைக் கோர்ட்டில் விட்டுவிட்டு அவன் எப்படிக் கடை நடத்துவான்? ஆனால் சரித்திரத்துக்கு அதனால் விளைந்த நஷ்டம் பெரிது. லண்டனில் சான்ஸரி கோர்ட்டில் வழக்காடிய வணிகர்கள், அங்குள்ள மாஸ்டர்கள் என்னும் அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பப் பெறாமற்போன கணக்குகளும் கடிதக் கட்டுகளும் ஏராளம். அவை இன்று அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் தனி வரிசைகளாகவே அடுக்கப்பட்டிருக்கின்றன. கம்பளி வியாபாரியும் சாராய வியாபாரியும் கப்பல்காரனும் எழுதிய தினசரிக் கணக்குகளை அங்கே பிரித்துப் பார்க்கலாம். நம் கோர்ட்டுகளோ புஸ்தகத்தைத் திருப்பிக் கொடுத்தன. வீட்டுக்குத் திரும்பிய புஸ்தகத்தைக் கரையானும் பாகப்பிரிவினையும் தீர்த்துவிட்டன.

எனினும், அழிக்கப்படாத ஒன்று அந்த அறையில் இருந்தது. தாவாக்களின் பதிவேடு. ஒவ்வொரு தாவாவுக்கும் ஒரு வரி: நம்பர், வாதி, பிரதிவாதி, கோரிய தொகை, முடிவு. 1860-களின் பிற்பகுதிக்குரிய ஏடுகளில், என் முன்னோர் பெயரும் சாத்தூர் என்ற ஊர்ப் பெயரும் ஒரே வரியில் இருப்பதைக் கண்டபோது என் நெஞ்சு படபடத்தது. கடைசிக் கட்டத்தில், வழக்கு தள்ளுபடி என்றோ டிக்ரி என்றோ எழுதியிருக்கும் என்று விரலை நகர்த்திக்கொண்டு போனேன். ராஜி என்று எழுதியிருந்தது. இரு தரப்பாரும் தமக்குள் சமாதானம் பேசி, அதைக் கோர்ட்டில் தெரிவித்து, தாவாவை முடித்துக்கொண்டிருந்தார்கள். துரை எங்கள் பேரேட்டைத் தள்ளவில்லை; அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் நிலையே அவருக்கு வரவில்லை.

இந்தச் செய்தியை என் பாட்டனாரின் தம்பியிடம் சொல்லவேண்டியிருந்தது. அவ்வாக்கியத்தைத் தம் தந்தையார் வாயால் நேரே கேட்டவர்களுள் எஞ்சியிருந்தவர் அவர் ஒருவரே. நான் எழுதிக்கொண்டு போன வரியை மூக்குக்கண்ணாடியை உயர்த்தி ஒருமுறை படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார்.

"துரை தள்ளினான்னுதான் எங்க அப்பா சொன்னார். எங்க அப்பா பொய் சொல்ற மனுசர் இல்லை" என்றார்.

"ராஜின்னு எழுதியிருக்கே, தாத்தா."

"எழுதியிருக்கட்டும். ராஜிக்கு ஏன் போனார்? அதைச் சொல்லு நீ."

பதிவேட்டில் காரணம் எழுதும் கட்டம் இல்லை என்றேன். அந்தப் பதில் அவருக்குத் திருப்தி தரவில்லை. அன்றும், பின்னர் நான் போனபோதெல்லாமும், அவர் அந்த ஒரு கேள்வியையே கேட்டார். என் ஆராய்ச்சியில் அவருக்கு மதிப்பு இருந்தது. ஆனால் காகிதம் சொல்லாததை இல்லாததாகக் கொள்ள அவர் சம்மதிக்கவேயில்லை. ஒருநாள், நான் எதுவும் கேளாமலிருக்கையில், "கணக்குப்பிள்ளைதான் கொழும்புக்குப் போயிட்டானே, ராஜிக்குப் போகாம என்ன செய்வார்?" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். எவ்வளவு விசாரித்தும் அதற்குமேல் ஒரு சொல் பெயரவில்லை. அந்தக் கணக்குப்பிள்ளையைப் பற்றி அதுவரையில் எங்கள் வீட்டில் எவரும் பேசி நான் கேட்டதில்லை.

அந்த ஒரு வாக்கியம் என் தேடலின் போக்கையே மாற்றிவிட்டது. புஸ்தகம் தனித்து நிற்காது என்று சட்டம் சொன்னால், அதன் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள், பதிவை எழுதிய கணக்குப்பிள்ளையாகவே பெரும்பாலும் இருந்திருப்பான். அப்படியானால், நம் கோர்ட்டுக் கட்டுகளில் தேடவேண்டியவை பேரேடுகள் அல்ல, கணக்குப்பிள்ளைகளின் வாக்குமூலங்கள். பணத் தாவாக்கள் அழிந்திருந்தாலும், வியாபாரிகள் கடனுக்கு ஈடாகக் காட்டிய புஞ்சைகளையும் கிட்டங்கிகளையும் பற்றிய அடமானத் தாவாக்கள் நிலத்தின் தயவால் பிழைத்திருக்க வேண்டும் என்று ஊகித்து, அவ்வகைக் கட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிப் பிரித்தேன். அப்படிப் பிரித்த ஒன்றில், எங்கள் ஊர்ப்பக்கத்துப் பருத்திக் கடை ஒன்றின் கணக்குப்பிள்ளை, எங்கள் தாவா நடந்த அதே காலத்தில், தமிழில் கொடுத்திருந்த நீண்ட வாக்குமூலம் கிடைத்தது. அவர் எங்கள் கடையைச் சேர்ந்தவரல்லர். எனக்கு எவ்வகையிலும் உறவினரல்லர். எனினும் அன்று எனக்கு உண்டான ஆனந்தம், சொந்தக் கட்டே கிடைத்திருந்தாலும் அதைவிட மிகுந்திராது.

எதிர்க்கட்சி வக்கீல் கணக்கைக் குலைப்பதற்காகக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர் விடை சொல்லச் சொல்ல, ஒரு கரிசல்காட்டுக் கடையின் முழு நடைமுறையும் காகிதத்தில் ஏறியிருக்கிறது. அன்றன்றைய கொடுக்கல் வாங்கலைச் சிட்டையில் குறித்து, அந்தியில் நாள்வழிக் கணக்கில் ஏற்றி, அதிலிருந்து பேர்பேராகப் பேரேட்டில் பிரித்து, வருஷ முடிவில் ஐந்தொகை எடுக்கும் முறையை அவர் படிப்படியாக விவரிக்கிறார். விதைப்புக்கு முன்பே தரகர் கையில் குடியானவனுக்கு முன்பணம் போவதையும், மாசி பங்குனியில் வெடிப்பு எடுக்கத் தொடங்கியதும் அது சரக்காகத் திரும்புவதையும், ஈரத்துக்கும் தூசுக்கும் எடையில் கழிப்பதையும், வண்டிகள் எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்குப் போவதையும் சொல்கிறார். தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876-இல்தான். அதற்கு முன் மூட்டைகளெல்லாம் மாட்டு வண்டியில்தான் போயின. அங்கிருந்து தோணியில் ஏற்றி, கரைக்கு வரமுடியாமல் வெகுதூரத்தில் நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். பொதிக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு எடுத்துவைக்கும் மகமையைப் பற்றி வக்கீல் துருவிக் கேட்கிறார். அது சுவாமியின் பேரில் தனிப் பேரேடாக இருப்பதாகவும், கடை நஷ்டப்பட்ட வருஷத்திலும் சுவாமிக்குரிய வரவை நிறுத்தவில்லை என்றும் கணக்குப்பிள்ளை பதில் சொல்கிறார். அந்தப் பதிலைப் படித்தபோது, முன்பின் அறியாத அந்த மனிதர்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டாயிற்று.

நஷ்டப்பட்ட வருஷம் எது என்பதும் அந்த வாக்குமூலத்திலிருந்தே விளங்கியது. 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டு அத்தேசத்துப் பருத்தி வராமற்போகவே, லங்காஷயர் ஆலைகள் நம் கரிசல் மண்ணை நோக்கித் திரும்பின; விலை ஏறியது; முன்பணமும் அதற்கேற்ப ஏறியது. 1865-இல் யுத்தம் முடிந்ததும் விலை சரிந்தது. பம்பாயில் பெரும்பெரும் வர்த்தகர்கள் வீழ்ந்தார்கள். 1868-இல் பம்பாய் வங்கியே மூடப்பட்டது. உயர்ந்த விலையில் முன்பணம் கொடுத்துவிட்டுத் தாழ்ந்த விலையில் சரக்கை எதிர்பார்த்து நின்ற சாத்தூர்க் கடைக்காரர்களின் கதி அதைவிட மேலாக இருந்திருக்க முடியாது. எங்கள் கடை போனதற்கு மூலகாரணம், அதன் பேரைக்கூடக் கேட்டிராத ஒரு தேசத்தில் நடந்த யுத்தம் ஓய்ந்ததே.

ஆயினும் என் பாட்டனாரின் தம்பி கேட்ட கேள்விக்கு இதுமட்டும் விடையாகாது. எழுதிய கை கொழும்பில் இருக்க, பேரேட்டைமட்டும் ஏந்திக்கொண்டு கோர்ட்டுப் படியேறிய ஒருவரிடம், இது நிற்காது என்று அவருடைய வக்கீல் முன்கூட்டியே சொல்லியிருப்பார். கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு அவர் ராஜிக்கு இசைந்திருப்பார். துரை வாயால் தள்ளாததைச் சட்டம் முன்பே தள்ளிவைத்திருந்தது. எங்கள் வீட்டு வாக்கியம் நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறது. பொய் சொல்லவில்லை என்பதே என் முடிவு. அதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் தலையசைத்ததோடு சரி. அவருக்கு அது எந்நாளும் சந்தேகமாக இருந்ததில்லை.

வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. மேல்முறையீட்டுக்கும் டிக்ரி நிறைவேற்றத்துக்குமாகக் கட்சிக்காரர்கள் முத்திரைக் காகிதத்தில் பெற்ற நகல்கள், கோர்ட்டில் மூலம் அழிந்தபின்னும், பல வீடுகளில் பெட்டியடியில் கிடக்கின்றன. நிலப் பத்திரங்களைமட்டும் பிரித்தெடுத்து வைத்துக்கொண்டு, தோற்ற வழக்கின் காகிதம் எதற்கு என்று மற்றவற்றை எரித்துவிடுகிறார்கள். தயைகூர்ந்து அப்படிச் செய்யாதீர்கள். அவற்றுள் கடைக் கணக்கர் ஒருவரின் வாக்குமூலம் இருக்குமாயின், அது எந்த ஊர்க் கடையாயினும், எந்தச் சரக்காயினும், பார்த்துப் பிரதி செய்துகொள்ள எனக்கு அனுமதி கொடுத்து ஒரு கடிதம் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். நானே நேரில் வருகிறேன்.