தொரட்டியும் வெப்பாலை விதையும்

ஆரணிப் பட்டு என்றதும் தறியையும் சரிகையையும் கல்யாண முகூர்த்தத்தையும் நினைக்கிற நம்மில் பலர், அந்த நெசவு வட்டாரத்திற்குத் தென்மேற்கே செய்யாற்றங்கரையில் இருக்கும் கலசப்பாக்கத்தை, தை மாதத்து ரதசப்தமியன்று திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் ஊர் என்ற அளவில்தான் அறிந்திருப்போம். தறியை விட்டவர்கள் போய்ச் சேரும் இடங்கள் எனக்குத் தெரியும்: திருப்பூர் பனியன் கம்பெனி, பெங்களூர்க் கட்டட வேலை, நூறு நாள் வேலை. ஆனால் பட்டு நெய்த ஓர் அம்மாள் காட்டு விதை பொறுக்கி நாற்று வளர்த்து ஜீவனம் செய்கிறார் என்று போளூரில் ஆசிரியராக இருக்கும் என் நண்பர் கூறியபோது, அது நான் கேட்டறியாத செய்தியாக இருந்ததால், அவரையே துணையாகக் கொண்டு பங்குனி வெயில் ஏறுமுன் கலசப்பாக்கம் போய்ச் சேர்ந்தேன்.

தம் பெயரை எழுத வேண்டாம் என்று அந்த அம்மையார் கேட்டுக்கொண்டார். தெருவில் எல்லோரும் அவரைப் பெரியம்மா என்றே அழைப்பதால் நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். நெசவாளர் வீடுகளுக்கே உரிய அமைப்பில் திண்ணை, தறி இருந்த கூடம், அடுக்களை என்று நீண்டு செல்லும் அவர் வீட்டின் கடைசியில், கிணறும் துவைக்கும் கல்லும் போக எஞ்சிய புழக்கடையில்தான் தோட்டம் இருந்தது. தோட்டம் என்ற சொல்லுக்குப் பட்டணத்தில் நாம் கொண்டிருக்கும் பொருள் எதுவும் அங்கே பொருந்தவில்லை. புல்தரை இல்லை, வரிசை இல்லை, வண்ணம் பூசிய தொட்டியும் இல்லை. எல்லையில் கிளுவை வேலி. அதன்மேல் முள்ளும் இலையுமாக ஆதொண்டைக் கொடி. மூலையில், பிறர் கண்டால் பிடுங்கி எறியும் எருக்கு. கிணற்றடியில் நொச்சியும் நாரத்தையும் கறிவேப்பிலையும். காய்ந்த பகுதியில் ஆவாரை. நடுவே கிளை பரப்பிய ஒரு வெப்பாலை. அதன் நிழலில் கூட்டிப் பெருக்காமல் விட்ட சருகு. என் கண்ணில் முதலில் பட்டவை பூக்கள் அல்ல, ஓட்டையும் பாதியுமாகக் கடிபட்டிருந்த இலைகள்தாம்.

நாரத்தைக் கிளை ஒன்றைப் பெரியம்மா மெல்ல வளைத்துக் காட்டினார். இலையின்மேல் பறவை எச்சம் போன்று கறுப்பும் வெளுப்புமாகக் கிடந்தது ஒரு புழு. அடுத்த இலையில் அதே இனத்தின் வளர்ந்த புழு, இலையோடு இலையாகப் பச்சை நிறம் கொண்டிருந்தது. ஒரு துரும்பால் அதைத் தொட்டார். தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரு கவடான உறுப்பொன்று வெளியே நீண்டது. நாரத்தை இலையைக் கசக்கினாற்போன்ற கடுமையான நெடி எழுந்தது. சில விநாடிகளில் அது உள்ளே சுருங்கிக்கொள்ள, புழு மறுபடியும் தின்னத் தொடங்கியது. எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகளில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சியின் குழந்தை அது என்று நண்பர் எனக்கு விளக்க முற்பட்டபோது பெரியம்மா குறுக்கிட்டார்.

"பட்டுப்புழு மல்பெரி இலையத் தவிர வேற எதையாச்சும் வாயில வைக்குமா சார்? இதுங்களும் அப்படித்தான். எருக்கம் புழுவுக்கு எருக்கு, ஆவாரம் புழுவுக்கு ஆவாரை, நாரத்தைப் புழுவுக்கு நாரத்தை. அந்தச் செடி இல்லன்னா அந்தப் பூச்சி இல்ல. பட்டு நெஞ்சவளுக்கு இதை யாரும் வந்து சொல்லணுமா?"

தாவர சாஸ்திரிகளும் பூச்சியியலாரும் பல பக்கங்களில் நிறுவும் உண்மை இதுவே. செடிகள் தம்மைக் காத்துக்கொள்ள இலைகளில் நஞ்சையும் கசப்பையும் சேமிக்கின்றன; அந்தந்த நஞ்சைத் தாங்கும் ஆற்றலை நெடுங்காலப் பழக்கத்தால் பெற்ற பூச்சிகள் மட்டுமே அந்தந்த இலையைத் தின்று வாழ்கின்றன. எருக்கின் நஞ்சை உண்டு அதையே தன் உடம்பில் காப்பாக வைத்துக்கொள்ளும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சிக்கு, கடல் கடந்து வந்த அலங்காரச் செடி எத்தனை அழகாய் இருந்தாலும் வெறும் பச்சை நிறமேயன்றி உணவாகாது. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டக்ளஸ் டாலமி, சிக்கடி என்னும் மிகச் சிறிய பறவை ஓர் ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்துப் பறக்கவிட 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை ஊட்டவேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அவரும் உடனாய்வாளர்களும் வாஷிங்டன் சுற்றுப்புற வீட்டுத் தோட்டங்களை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவு, தோட்டத்துத் தாவரத் திரளில் 70 விழுக்காடாவது அந்த மண்ணுக்கு உரியதாக இல்லாவிடில் அப்பறவை தன் தொகையைக் காத்துக்கொள்ள முடியாது என்பது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு தையல்சிட்டு நொச்சிப் புதருக்குள் நுழைந்து, சிறிய பச்சைப் புழு ஒன்றைக் கவ்விக்கொண்டு வேலிக்கு அப்பால் சென்றதைக் கண்டேன். அந்தப் புழுவை வளர்த்த இலை இவர் நட்டது. குஞ்சுக்குச் சேர்ந்த உணவும் இவர் இட்டதே.

இனிப் பெரியம்மாவின் தொரட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆட்டுக்காரர்கள் தழை ஒடிக்க வைத்திருக்கும் தொரட்டியை எல்லோரும் பார்த்திருப்போம். பெரியம்மாவினுடையது அதனின்றும் வேறுபட்டது. இரண்டு மூங்கில் கழிகள் ஒன்றுக்குள் ஒன்று செருகி வேண்டிய நீளத்திற்கு நீட்டும்படி அமைந்தவை; நுனியில், உள்வளைவு மட்டும் கூர்மையாகவும் வெளிப்புறம் மழுங்கலாகவும் கொல்லரிடம் சொல்லி அடித்து வாங்கிய சிறிய இரும்புக் கொக்கி; அதற்குக் கீழே கம்பி வளையத்தில் பழைய சேலைத் துணியைத் தைத்த ஒரு பை. வெளிப்புறம் ஏன் மழுங்கல் என்று கேட்டேன். கொக்கியைக் கிளைக்குள் செலுத்தும்போது அடுத்த ஆண்டின் மொட்டு அறுபடக்கூடாதாம். கொக்கியை மாட்டியவுடன் இழுப்பதும் கிடையாது. முதலில் இலேசாக அசைப்பார். அசைவுக்கு விழுவது முற்றியது, பைக்கு உரியது. விழ மறுப்பது மரத்துக்கு உரியது. ஒரே மரத்தில் எல்லாவற்றையும் எடுப்பதில்லை. ஒற்றை மரத்தின் விதையை மட்டும் நம்பி நாற்று விடுவதும் இல்லை. ஏரிக்கரையில் ஒன்று, கோயில் தோப்பில் ஒன்று, சாலையோரத்தில் ஒன்று, உடையவர் சம்மதம் தந்த கொல்லையில் ஒன்று என்று தாய்மரங்களை மனத்தில் குறித்து வைத்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பார். பர்வதமலைச் சரிவிலும் ஜவ்வாது மலையிலும் இருப்பவை வனத்துறையின் ஆளுகைக்கு உட்பட்டவையாதலால் அங்கே அவர் கைவைப்பதில்லை.

வெப்பாலைக் காய்களிடம் தொரட்டி செல்லாது. ஒரே காம்பில் இரட்டையாய்த் தோன்றி, நுனியிலும் ஒட்டிக்கொண்டு, மெல்லிய நீண்ட கழிகளைப் போலத் தொங்கும் அக்காய்கள், முற்றியதும் நெடுக வெடித்து, பஞ்சுக் குஞ்சம் கட்டிய விதைகளைக் காற்றில் விட்டுவிடும். ஒரு பகல் தாமதித்தால் ஓடுதான் மிஞ்சும். ஆகவே காய் பழுப்பு நிறம் காட்டத் தொடங்கியதும் பெரியம்மா ஏணி வைத்து ஏறி, இணைக் காய்களைச் சேர்த்து நூலால் சுற்றி முடிச்சிட்டுவிட்டு இறங்குகிறார். வெடித்தாலும் விதை பறக்காது. கண் பார்க்கும் வேகத்தை மீறி விரல் முடித்துவிடுகிறது. பாவில் அறுந்த இழையைப் பிணைத்துப் பிணைத்துப் பல்லாண்டு பழகிய விரல். அந்த நூலும் தறியில் மிஞ்சிய பட்டு நூல்தான். இலையிலிருந்து ஒருகாலத்தில் நீலச் சாயம் எடுக்கப்பட்ட, கட்டையிலிருந்து இன்றும் சன்னபட்டணத்துப் பொம்மைகள் கடையப்படுகிற அந்த மரத்தின் விதைக்குப் பட்டு நூலால் காவல் போடுகிற காட்சி எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது.

மண் சலிப்பது, எரு கலப்பது, பையில் நிரப்புவது முதலிய காரியங்கள் எல்லா நாற்றங்காலிலும் ஒன்றுபோலவே நடப்பதால் அவற்றை இங்கே விரிக்கவில்லை. விதையின் சுபாவம் அறிந்து காலம் பார்ப்பதுதான் இத்தொழிலின் உயிர்நிலை. வேப்பம் விதையும் இலுப்பை விதையும் சில வாரங்களிலேயே முளைக்கும் சக்தியை இழக்கும். பழம் விழுந்த சூட்டோடு ஊன்றவேண்டும். சரக்கொன்றை விதையோ ஆண்டுக்கணக்கில் உறங்கும்; கருங்கல்லில் ஒரு பக்கம் தேய்த்துத் தோலை மெலியச் செய்தால்தான் நீரை உள்ளே விடும். சந்தனக் கன்றுக்கு அதே பையில் ஒரு துவரை விதையும் ஊன்றுகிறார். சந்தனத்தின் வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றிக்கொண்டு ஆகாரம் பெறுவது; தனியே விட்டால் வாடிவிடும். இவற்றுள் ஒன்றையும் இவர் நூலில் படிக்கவில்லை. முளைக்காமற்போன விதைகளே இவருக்கு உபாத்தியாயர்கள்.

கணவரும் இவருமாகக் குழித்தறியில் இறங்கி, ஆரணி முதலாளி ஒருவரிடம் பாவும் ஊடையும் சரிகையும் பெற்று, நெய்த சேலைக்குக் கூலி வாங்கி வாழ்ந்த குடும்பம் இது. விசைத்தறிச் சேலை மலிவாய் வந்து குவிந்தது, கூலி உயரவில்லை, கணவரின் கண்பார்வை மங்கியது, வாங்கிய முன்பணம் அடையாமலே தறி நின்றது. கிணற்றடியில் முளைத்திருந்த புங்கங்கன்றுகளை யாரோ விலைக்குக் கேட்டபோதுதான், தரையில் கிடக்கும் விதைக்கும் ஒரு கிரயம் உண்டென்று தெரிந்ததாம். கணவர் காலமான பிறகு கூடத்துத் தறிக்குழியை மூடச் சொல்லி உறவினர் வற்புறுத்தியும் இவர் மூடவில்லை. வெயிற்காலத்தில் அந்தக் குழியின் குளிர்ச்சியில்தான் விதைப் பானைகள் சாம்பலிட்டு வைக்கப்பட்டிருக்கின்றன.

இந்த ஞானத்துக்கும் பிரயாசைக்கும் கிடைக்கும் ஊதியத்தைக் கேட்டபோது என் மனம் கொதித்தது. விதையை எடைபோட்டு வாங்கிச் செல்லும் வியாபாரி தாய்மரம் எது என்று கேட்பதில்லை. முளைக்கும் விதைக்கும் முளைக்காத விதைக்கும் ஒரே விலை தருகிறார். அதே விதை கன்றாகிப் பட்டணத்தில் விற்கப்படும்போது ஏறும் விலையில் பெரியம்மாவுக்குப் பங்கில்லை. தறி முதலாளியாவது பாவைத் தந்தார், நஷ்டத்தில் ஒரு பாகமாவது அவருடையது. இங்கே மழை பொய்த்தால் நஷ்டம் முழுவதும் பொறுக்கினவளுடையது. மாநிலத்தின் வன, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்கத்துடன் 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. ஊருக்கு ஊர் குறுங்காடுகள் எழும்புகின்றன. நாட்டு மரம் என்ற பெயருக்கு இன்று சந்தை இருக்கிறது. ஆனால் அந்தச் சந்தையின் கடைசிப் படியில் தொரட்டியோடு நிற்கும் பெண்ணின் கைக்கு அது எட்டவில்லை. குறுங்காட்டு முறையை வகுத்த ஜப்பானிய அறிஞர் அகிரா மியாவாகி, தம் நாட்டுக் கோயில் தோப்புகளில் எஞ்சி நின்ற ஆதி மரங்களைக் கண்டறிந்து, அவ்வவ்விடத்து விதையையே சேகரித்து நடவேண்டும் என்பதை அடிப்படையாக வைத்தார். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு, எங்கிருந்தோ லாரியில் வந்திறங்கும் மகாகனியையும் தேக்கையும் நெருக்கி நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொள்வது அவருக்கும் மண்ணுக்கும் இழைக்கும் அநீதி. விதை பொறுக்குவதைக் கூலியற்ற பொழுதுபோக்காக எண்ணும் சமூகம், பத்தாண்டில் அந்த விதையையே அடையாளம் காட்ட ஆளில்லாமல் தவிக்கும். தறியில் அதைக் கண்டோம். நெய்யத் தெரிந்த கையைப் பட்டினி போட்டுவிட்டு, பிறகு கைத்தறியின் பெருமையைப் பேசினோம்.

வேறு வழியும் உண்டு. அதற்குத் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. திருவண்ணாமலையில் 'தி ஃபாரஸ்ட் வே' என்ற அறக்கட்டளையினர் அருணாசல மலைக்கு உரிய மரங்களைத் தங்கள் நாற்றங்காலில் வளர்த்து, கோடையில் தீ பரவாதபடி தடுப்புப் பாதை வெட்டி, ஆண்டுதோறும் மழையை நம்பி மலையில் நட்டுவருகிறார்கள். உள்ளூர் மக்களைப் பணிக்கு அமர்த்தி, இன்ன மரத்துக்கு இன்ன பருவம் என்ற அறிவை ஒரு தொழிலாகவே நிலைபெறச் செய்திருக்கிறார்கள். கலசப்பாக்கத்துப் புழக்கடைக்கும் அந்த மலைச்சரிவுக்கும் இடையே ஒரு மணி நேரப் பஸ் பிரயாணம்தான். நடுவிலுள்ள ஊர்களில் எத்தனை வீடுகளின் பின்புறம் சிமெண்டு பூசிக் கிடக்கிறது! ஒரு கிளுவை வேலியும், நாலு ஆவாரையும், ஒரு நாரத்தையும் இருந்தால் மலையிலிருந்து புறப்படும் பூச்சியும் புள்ளும் இடையில் தங்கி உண்டு செல்ல இடமாகும்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் இப்போது பெரியம்மாவிடம் விதை பிரிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். வியாபாரிக்கு விதையாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, மூவருமாகக் கன்றாக வளர்த்து, ஐப்பசி மழைக்கு நேரே வீடுகளுக்கு விற்பது என்று தீர்மானித்திருக்கிறார்கள். விலையையும் அவர்களே கூடிப் பேசி வைத்திருக்கிறார்கள். அதில் விதை பொறுக்கிய நாளின் கூலி தனியாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. நான் என் வீட்டுக்கு என்ன நடலாம் என்று கேட்டேன். இடம் எவ்வளவு, வெயில் எந்தப் பக்கம், கிணறா குழாயா என்றெல்லாம் விசாரித்துவிட்டுச் சொன்னார்:

"மொதல்ல கறிவேப்பிலை ஒண்ணு, நாரத்தை ஒண்ணு வைங்க. புழு கடிச்சா மருந்து அடிக்காதீங்க. பாதி உங்களுக்கு, பாதி அதுக்கு. அதைப் பொறுத்துக்கிட்டீங்கன்னா ஐப்பசியில வாங்க, ஆதொண்டையும் வெப்பாலையும் தர்றேன். சும்மா இல்ல சார், காசுக்குத்தான்."