சாவி கொடுத்தால் மணியடிக்க வேண்டும்

பிரித்துப் போட்ட அலாரம் டைம்பீஸில் முதலில் கண்ணில் படுவது அழுக்குதான். இரண்டு பித்தளைத் தகடுகள், அவற்றுக்கு இடையில் பல்சக்கரங்கள், ஓட்டத்துக்கு ஒன்றும் மணிக்கு ஒன்றுமாக இரண்டு மெயின் ஸ்பிரிங். தகட்டின் ஓரத்தில் பச்சைக் களிம்பு. ஒவ்வொரு அச்சு முனையைச் சுற்றியும் எண்ணெய் காய்ந்து பிசினாகிப் போன கறுப்பு வளையம். வடசென்னையின் திருவொற்றியூரில் இதோடு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. எஃகு ஸ்பிரிங்கில் ஒரு துருப்புள்ளி விழுந்தால் போதும், என்றோ ஒருநாள் சாவி கொடுக்கும்போது அந்த இடத்தில் அது முறியும். ஒரு ஆள் உட்காரும் அகலமே உள்ள கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு இந்த அழுக்கோடு மல்லுக்கு நிற்கும் ரிப்பேர்க்காரர்களின் வேலையைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. பழைய டைம்பீஸ் சேகரிப்பவர்கள் பொருளுக்குக் கொடுக்கும் விலையை வேலைக்குக் கொடுப்பதில்லை. வேலை அழிந்தால் பொருளும் வெறும் தகரமாகிவிடும். டைம்பீஸை மீட்பது என்றால் அதை ஓட வைத்து, வைத்த நேரத்துக்கு மணியடிக்க வைப்பது. மற்றதெல்லாம் பிறகு.

இதை வேறு ஊரில் சொல்வதைவிடத் திருவொற்றியூரில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எம்.ஆர்.எஃப். 1946-இல் ஒரு கொட்டகையில் ரப்பர் பலூன் செய்யத் தொடங்கியது இங்கேதான். 1955-இல் பிறந்த என்ஃபீல்டு இந்தியா புல்லட் செய்ததும் இங்கே. தீப்பெட்டி செய்த விம்கோவின் பெயர் இன்று ரயில் நிலையத்துக்கும் மெட்ரோ நிலையத்துக்கும் இருக்கிறது. வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்ட். ஷிப்டு முறையில் வாழ்ந்த ஊர் இது. ஆலைச் சங்கு ஊருக்கே கேட்கும், உண்மைதான். ஆனால் சங்கு சொல்வது வேலை தொடங்கும் நேரத்தை. எழ வேண்டிய நேரம் வீட்டுக்கு வீடு வேறு. காலை ஷிப்டுக்குப் போகிறவருக்குச் சோறு கட்ட ஒருவர் அதற்கும் முன்னால் எழ வேண்டும், தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க அதற்கும் முன்னால். அந்த மணியை முதலில் கேட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆகவே டைம்பீஸ் இந்த ஊரில் அலங்காரப் பொருளாக இருந்ததில்லை. அடுப்பைப் போல, குடத்தைப் போல வேலைக்கான சாமான். அதன் தேய்மானம் அந்த வீட்டு உழைப்பின் கணக்கு.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது வலுவான மறுப்புதான். மனிதரை இயந்திரத்தின் தாளத்துக்கு ஆட வைத்த கருவியை ஏன் போற்ற வேண்டும்? ஆலை முறைக்கும் கடிகார நேரத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்து ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்சன் 1967-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்தக் கேள்வியைத்தான் எழுப்பியது. ஆனால் அதே கட்டுரையில் பதிலும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆலைகளில் கடிகாரத்தைக் காலையில் முன்னாலும் மாலையில் பின்னாலும் நகர்த்தி வைத்து வேலை நேரத்தைத் திருடினார்கள். தொழிலாளி சொந்தமாக வாட்ச் வைத்துக்கொள்ளவே அஞ்சினார் என்று அங்கே வேலை செய்த ஒருவரின் நினைவுக்குறிப்பை அவர் எடுத்துக்காட்டுகிறார். நேரம் எங்கும் மேலிருந்தே வந்திருக்கிறது. சென்னையிலும் வானாய்வுக் கூடம் கணித்த நேரத்தைக் கோட்டைப் பீரங்கி வெடித்துச் சொன்னது, ஆலைச் சங்கு ஊதிச் சொன்னது. வீட்டு அலமாரியில் இருந்த டைம்பீஸ் மட்டும்தான் உழைப்பவரின் கையில் இருந்த மணி. சங்கு முன்னால் ஊதியதா பின்னால் ஊதியதா என்று சரிபார்க்க அவரிடம் இருந்த ஒரே சாட்சி அது. ஒழுங்குக்குக் கட்டுப்படுத்திய கருவியும் அதுதான், அந்த ஒழுங்கைக் கேள்வி கேட்க உதவிய கருவியும் அதுதான். சாட்சிக்கு மதிப்பு அது சரியாகப் பேசுவதில் இருக்கிறது.

சரியாகப் பேச வைப்பது எளிதல்ல. பாக்கெட் கடிகாரத்தில் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு கல்லில் சுழலும். டைம்பீஸில் அந்த வசதி கிடையாது. அச்சின் இரு முனைகளும் ஊசி போலக் கூராக இருக்கும், அவை இரண்டு திருகுகளின் நுனியில் உள்ள குழியில் உட்கார்ந்து சுழலும். திருகை ஒரு மயிரிழை அதிகம் இறுக்கினால் ஓட்டம் நிற்கும்; தளர்த்தினால் சக்கரம் தள்ளாடும். “படுக்க வைத்தால் ஓடுகிறது, நிமிர்த்தினால் நிற்கிறது” என்று கொண்டுவரப்படும் டைம்பீஸ்களில் பலவற்றின் நோய் இதுதான். கூர்முனை மழுங்கியிருந்தால் எண்ணெய்க் கல்லில் தீட்டி, மெருகேற்ற வேண்டும். விநாடிக்கு நான்கு தட்டு என்று வைத்தால் ஒரு நாளைக்கு 3,45,600 தட்டு; நாற்பது வருடம் அப்படித் தட்டிய முனை மழுங்காமல் என்ன செய்யும்? அடுத்தது அச்சுத் துளைகள். ஸ்பிரிங்கின் இழுப்பு எப்போதும் ஒரே பக்கம் என்பதால் பித்தளையில் வட்டத் துளை முட்டை வடிவத்துக்குப் போய்விடும், பல் பல்லோடு சரியாகக் கூடாது. அந்தத் துளையை அகலமாக்கிப் புஷ் என்ற சிறு வளையம் போட வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் பின்பக்கத்து எஸ் (ஸ்லோ), எஃப் (ஃபாஸ்ட்) என்ற எழுத்துகளுக்கு நடுவே சிறு கம்பியை நகர்த்தி நேரம் பிடிப்பது. பிழையை நாளுக்கு ஒரு நிமிடத்துக்குள் நிறுத்தினால், 1,440-இல் ஒரு பங்குத் துல்லியம். சாவியும் ஸ்பிரிங்கும் கூர்முனையும் மட்டுமே வைத்து எட்டிய துல்லியம் அது. இதற்குப் பல நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். கூலி பேசும்போது அந்த நாட்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சேகரிப்பவர் பலருக்கு இந்தப் பொறுமை இல்லை. பெட்டிக்குப் புதுப் பூச்சு, டயலில் புது எண்கள், பளபளக்கும் மணி. உள்ளே அதே பிசின். பார்க்க அழகாக இருந்தால் போதாதா, அவரவர் ரசனை அல்லவா என்று கேட்கலாம். ரசனையை நான் மறுக்கவில்லை. ஆனால் டயலைச் சுரண்டிப் புதிதாக எழுதிய பிறகு அது எந்த வீட்டில் எந்த வெயிலில் மங்கியது என்பது திரும்பி வராது. புஷ் போட்ட துளையோ மறுபடி தேய்ந்தால் மறுபடி போடலாம். ஒன்று அழிக்கும் வேலை, மற்றது காக்கும் வேலை. சுரண்டுவதில் ஆபத்தும் உண்டு. இருட்டில் ஒளிரும் பழைய டயல்களிலும் முட்களிலும் உண்மையான ரேடியம் பூசியிருக்கலாம். நம் ஊரில் வண்டியில் ஒட்டும் ஸ்டிக்கரையும் ரேடியம் என்றே சொல்லிப் பழகியதால் பயம் போய்விட்டது. ஒளி மங்கியிருக்கலாம், ரேடியம் மங்கவில்லை. அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும். அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. அமெரிக்காவில் இதைத் தூரிகையால் பூசிய இளம்பெண்கள் எலும்பு நோயில் இறந்தார்கள். அப்படிப்பட்ட டயலை அப்படியே விடுவதுதான் சரி.

கைப்பேசி இருக்கையில் இது எதற்கு என்பது அடுத்த கேள்வி. எழுப்பிவிடக் கைப்பேசி போதும், துல்லியத்தில் குவார்ட்ஸ் பலமடங்கு மேல். இதில் வாதாட எதுவும் இல்லை. நான் காக்கச் சொல்வது கையில் உள்ள வேலையை. உதிரி கிடைக்காதே என்பதுதான் உண்மையான தடை. எச்.எம்.டி. கடிகார ஆலைகளையே மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்த பிறகு, டைம்பீஸுக்கு யார் பாகம் செய்வார்கள்? இங்கேதான் இந்த ஊர் கைகொடுக்கிறது. பெரிய ஆலைகளை அண்டி வளர்ந்த லேத் பட்டறைகள் வடசென்னையில் இன்னும் இருக்கின்றன. டைம்பீஸ்களில் அடிக்கடி தொலைவது சாவி. இடப்பக்கம் சுற்றும் சாவிக்கு இடமரை வேண்டும், இல்லாவிட்டால் சுற்றச் சுற்றக் கழன்று வரும். அளவு சொன்னால் ஒரு டர்னர் அதைக் கடைந்து தருவார். புஷ்ஷும் அப்படியே. இரண்டு செத்த டைம்பீஸைப் பிய்த்து ஒன்றை ஓட்டும் வழியைவிட இது எனக்கு மேலாகப் படுகிறது, ஏனென்றால் அந்த வழியில் ஒவ்வொரு முறையும் ஒன்று குறைகிறது.

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு டைம்பீஸ் கிடந்தால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அது சீக்கிரமே பிசினாகும். நின்று கிடந்த ஸ்பிரிங்கை முழுக்கச் சுற்றிப் பார்க்காதீர்கள். அலாரம் முள்ளை அம்புக்குறி காட்டும் பக்கம் மட்டும் திருப்புங்கள். தெருமுனைக் கண்ணாடிப் பெட்டிக்கு எடுத்துப் போய், எத்தனை நாள் ஆனாலும் ஓட்டிப் பார்த்துத் தரச் சொல்லுங்கள். அத்தனை நாளுக்கும் கூலி கொடுங்கள்.