நீர்வேலி நரியும் பூவரசமிலைப் பீப்பீயும்

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வாழும் என் மருமகனிடம் அண்மையில் சென்றிருந்தேன். அவனுடைய நண்பர் ஒருவருக்கு உள்நாட்டில் ஆட்டுப் பண்ணை உண்டு. ஒரு வார இறுதியில் எங்களை அங்கே அழைத்திருந்தார். இரவு உணவு முடிந்ததும் அவர் தம் சட்டைப் பையிலிருந்து ஒரு தகரத்துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வட்டத் தகட்டை நடுவே மடித்தாற்போல் இருந்தது. மடிப்பின் இரு பக்கமும் நேருக்கு நேராக ஒவ்வொரு துளை.

"இதுதான் நரி ஊதல்" என்றார். அங்குள்ள ஓர் ஊரின் பெயரால் டென்டர்ஃபீல்ட் ஊதல் என்றும் சொல்வார்களாம். உதட்டுக்கும் பல்லுக்கும் இடையில் வைத்து ஊதிக் காட்டினார். அடிபட்ட முயல் ஒன்று உயிருக்குப் போராடி அலறுவது போன்ற ஒலி அறையை நிறைத்தது. வீட்டு நாய் துள்ளி எழுந்தது.

நானும் எழுந்துவிட்டேன். அந்த ஒலியை நான் முன்பே அறிவேன். அறுபது ஆண்டுகளுக்கு முன் நீர்வேலியில் அதை ஊதியவனே நான்தான்.

நீர்வேலியை அறியாத வாசகர்களுக்குச் சில சொற்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் வீதியில், கோப்பாய்க்கு அப்பால் இருப்பது எங்கள் ஊர். செம்மண் பூமி. வாழைக்குலைக்குப் பெயர் போனது. தோட்டங்களைத் தாண்டிக் கிழக்கே போனால் செம்மண் மறையும், வயல்வெளி வரும், பிறகு உப்பூறிய தரவை, அதற்கும் அப்பால் உப்பாற்றுக் கடல்நீரேரி. நான் சிறுவனாக இருந்த காலத்தில் வயலுக்கும் தரவைக்கும் இடைப்பட்ட வடலிப் பற்றைகளே நரிகளின் இருப்பிடம். பொழுதுபட்டதும் ஒன்று தொடங்கும். மற்றொன்று பதில் சொல்லும். பிறகு ஒரு கூட்டமே சேர்ந்து ஊளையிடும். ஆச்சி விளக்கேற்றும் நேரத்தை அந்த ஊளையை வைத்தே அறிவார்.

ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். நாம் நரி என்பதும் ஆங்கிலேயர் கதைகளில் வரும் செந்நரியும் வேறு வேறு விலங்குகள். இலங்கையில் காட்டு நாயினத்தைச் சேர்ந்தது ஒன்றே ஒன்றுதான். அது நம்முடைய நரி. அறிவியலார் அதன் பெயரில் மூன்றாவது சொல்லாக 'நாரியா' என்று எழுதுவது வழக்கம். சிங்களவரும் அதை 'நரியா' என்றே அழைக்கின்றனர். செந்நரியைவிடச் சற்றுப் பெரியது, இணையோடு வாழ்வது, எலி, நண்டு, முயல், பழம், செத்த மாடு என்று எதையும் விலக்காதது. கோழியையும் விலக்காது. எங்கள் கதை தொடங்குவது அந்தக் கோழியில்தான்.

1963ஆம் ஆண்டு. எனக்குப் பதினொரு வயது. அந்த மாரி முடியும்போது எங்கள் ஒழுங்கையில் கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமற் போயின. பிறகு ஓர் ஆட்டுக்குட்டியும் போயிற்று. கிடுகுவேலியில் பொட்டுகள் தெரிந்தன. பொட்டோரம் இறகுகள் கிடந்தன. அயலவர் கூடிக் குஞ்சியப்புவிடம் வந்தார்கள். குஞ்சியப்பு என் தந்தையின் இளைய சகோதரர். அனுமதிப்பத்திரத்துடன் கூடிய ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று அவரிடம் இருந்தது. அதைவிடப் பெரிய சொத்து அவருடைய வாய். ஆட்காட்டி, காகம், கீரி எல்லாம் அதற்குள் இருந்தன.

ஆனால் முயலின் அலறல் அவருக்கு வரவில்லை. முன்பற்கள் இரண்டை இழந்திருந்தார். அதனால்தான் என்னைத் தேர்ந்தார்.

பூவரசமிலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத யாழ்ப்பாணத்துச் சிறுவன் இருக்க முடியாது. இலையைக் காம்புப் பக்கத்திலிருந்து இறுகச் சுருட்டி, ஒரு நுனியை நசுக்கித் தட்டையாக்கி, உதட்டில் வைத்து ஊதினால் நாதசுரம். நசுக்கிய நுனியைப் பல்லால் மெல்லக் கடித்து, மறுநுனியை உள்ளங்கையால் மூடித் திறந்து ஊதினால் அதே இலை அலறும். ஒரு வாரம் கிணற்றடியில் இருத்தி எனக்குப் பயிற்சி தந்தார்.

"ஊதிக்கொண்டே இருக்கக் கூடாது மோனை. அடிபட்ட முயல் என்ன கச்சேரியா வைக்கும்? ரண்டு தரம் கத்தும், களைக்கும், பேந்து முனகும். நீயும் களைக்க வேணும்."

களைப்பதற்கும் ஒரு பயிற்சி உண்டு என்பதை அன்று அறிந்தேன்.

மாசி மாதத்து நிலவில் இருவரும் வயற்கரைக்குப் போனோம். அறுவடை முடிந்து வயல் வெறுமையாகக் கிடந்தது. வாடைக்காற்று முகத்தில் படும்படி ஒரு வடலியின் நிழலில் என்னை இருத்தினார். "நரி காதாலை வரும், மூக்காலை திரும்பிப் போகும்" என்பது அவருடைய பாடம். கேட்ட ஒலியை நம்பி நேராக ஓடி வருகிற விலங்கன்று அது. ஒலி வரும் இடத்தைச் சுற்றி வளைத்து, காற்றின் கீழ்ப்பக்கம் போய், மணத்தால் உறுதி செய்த பிறகே நெருங்கும். சுற்றும்போது எங்கே வெளியில் தென்படும் என்பதை முன்கூட்டியே கணிப்பதுதான் வேட்டைக்காரனின் கலை. உலகெங்கும் இந்த முறையில் வேட்டையாடுவோர் சொல்லும் முதல் விதியும் இதுவே என்று பிற்காலத்தில் படித்தேன். அமெரிக்காவில் கயோட்டிக்கும், இங்கிலாந்தில் செந்நரிக்கும், அந்த ஆட்டுப் பண்ணை நண்பருக்கும் விதி ஒன்றுதான். இன்று பதிவு செய்த ஒலியைத் தொலைவிலிருந்து எழுப்பும் மின்கருவிகளும் வந்துவிட்டன. கருவி களைப்பதில்லை என்பதே அதன் குறை என்று நண்பர் சிரித்தார். குஞ்சியப்பு கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

முதல் இரவு காற்றுத் திரும்பிவிட்டது. எதுவும் வரவில்லை. இரண்டாம் இரவு, மூன்றாம் முறை ஊதி முனகிய சற்று நேரத்தில், குஞ்சியப்பு என் முழங்காலை அழுத்தினார். வரம்பின் மேல் ஒரு நிழல். நின்றது. தலையைச் சாய்த்தது. என்னைப் பார்க்கவில்லை, என் ஒலியைப் பார்த்தது. அந்தப் பார்வை இன்றும் எனக்குத் தெரிகிறது. பசியும் ஐயமும் சமமாகக் கலந்திருந்தன. வாயிலிருந்த இலை எச்சிலில் ஊறிப்போயிருந்தது. மெல்ல ஒரு முனகல் விட்டேன். பசி வென்றது. நான்கு அடி முன்னே வைத்தது. வெடி தீர்ந்தது.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்தில் வீரன். குஞ்சியப்பு வீட்டு முற்றத்தில் ஊரே கூடி நரியைப் பார்த்தது. முதியவர் ஒருவர் தலையை மட்டும் தமக்குத் தரும்படி கேட்டு வாங்கிப் போனார். நரிக்கொம்பு தேடத்தான். நரியின் மண்டையில் அரிதாகச் சிறு கொம்பொன்று முளைக்கும். அதை வைத்திருப்பவனுக்கு வழக்கில் வெற்றி நிச்சயம். நகையோடு அதை வைத்தால் கள்வர் அண்டார் என்பது நம்பிக்கை. இலங்கையில் ஆட்சிச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1861இல் வெளியிட்ட இயற்கை வரலாற்று நூலிலும் இந்த நரிக்கொம்பைப் பற்றி எழுதியிருக்கிறார். காணி வழக்குகள் மலிந்த யாழ்ப்பாணத்தில் அதற்கு மதிப்பு இருந்ததில் வியப்பில்லை. எங்கள் நரிக்குக் கொம்பு இருக்கவில்லை.

அன்றிரவு தரவைப் பக்கம் ஓர் ஊளை எழுந்தது. ஒன்றே ஒன்று. வழமைபோல் பதில் வரவில்லை. மீண்டும் எழுந்தது. இணையைத் தேடுகிறது என்றார் ஆச்சி. ஏழெட்டு இரவுகள் அது அழைத்தது. நான் போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டு படுத்தேன். நான் ஊதியது பொய்யான அழைப்பு. அதற்கு ஒரு நரி வந்தது. இது மெய்யான அழைப்பு. இதற்கு வர எவரும் இல்லை. பதினொரு வயதில் இவ்வளவு தெளிவாக எண்ணினேன் என்று சொல்ல மாட்டேன். வயிற்றில் ஏதோ செய்தது, அவ்வளவுதான். அதன் பிறகு பூவரசமிலையைப் பல்லால் கடித்து ஊத எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பருவத்தில் குஞ்சியப்பு வேறு வழிகளில் மேலும் சில நரிகளைச் சுட்டார். கோழிகள் தப்பின. அடுத்த மாரி கழிந்தபோது வத்தாளங்கிழங்குப் பாத்திகளை அகழான் துளைத்துவிட்டது. மரவள்ளியும் தப்பவில்லை. கிழங்கை இழுத்தால் பாதிதான் வந்தது. நரி குறைந்ததால்தான் அகழான் பெருகியது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. மழை நிறையப் பெய்த ஆண்டு அது. ஆனால் குஞ்சியப்புவுக்கு ஐயமே இருக்கவில்லை. துவக்கைத் துடைத்து உத்தரத்தில் வைத்துவிட்டு ஒரு நாள் சொன்னார்:

"நாங்கள் கோழிக் கணக்கை மட்டும் பாத்திட்டம் மோனை. எலிக் கணக்கைப் பாக்கேல்லை."

பிறகு அயலவர் வந்து கேட்டபோதெல்லாம், கோழிக்கூட்டை உயர்த்திக் கட்டும்படியும் வேலிப் பொட்டுகளை அடைக்கும்படியும் சொல்லியனுப்பினார். சிலர் சினந்தார்கள். கட்டியவர்களின் கோழிகள் தப்பின.

இதைத்தான் அந்தப் பண்ணையில் அமர்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அவுஸ்திரேலியாவின் கணக்கு வேறு. செந்நரி அந்த மண்ணுக்கு உரியதன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வேட்டை விளையாட்டுக்காக ஆங்கிலேயக் குடியேறிகள் கப்பலில் கொண்டுவந்து விட்ட விலங்கு. அது கண்டத்தின் பெரும்பகுதிக்குப் பரவி, நிலத்தில் வாழும் சிறு பைவிலங்குகள் பலவற்றின் அழிவுக்குக் காரணமாயிற்று. விக்டோரியா மாநிலத்தில் சுட்ட நரிக்கு அரசே சன்மானம் கொடுக்கும் திட்டம் 2011இல் தொடங்கியது. தங்கள் நாட்டில் நாய்களை ஏவி நரி வேட்டையாடுவதை ஆங்கிலேயரோ 2004இல் இயற்றிய சட்டத்தால் தடை செய்துவிட்டனர். கொண்டுவந்தவர்களின் பேரர்கள் இங்கே ஊதலோடு இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். நண்பர் ஊதுவதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தம் முன்னோர் செய்த பிழையை அவர் திருத்துகிறார்.

தமிழ்நாட்டில் கணக்கு இன்னும் சிக்கலானது. நரியைப் போலவே ஊளையிட்டு நரியை வரவழைப்பதில் பெயர் பெற்றவர்கள் நரிக்குறவர். அவர்களுடைய பெயரிலேயே நரி இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த அறிவு குற்றமாயிற்று. கைகளுக்கு ஊசிமணி, பாசிமணி மட்டுமே மிஞ்சியது. பழங்குடியினர் பட்டியலில் அவர்கள் சேர்க்கப்பட 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2020 ஜூனில் திருச்சி மாவட்டத்து ஜீயபுரம் அருகே, இறைச்சிக்குள் வெடி வைத்து நரியைக் கொன்றதாக அந்தச் சமூகத்தினர் 12 பேர் கைதான செய்தியைப் படித்தபோது மனம் கசந்தது. குரலால் அழைக்கத் தெரிந்த ஒரு மரபு அவுட்டுக்காயில் வந்து முடிந்திருக்கிறது. சேலம் மாவட்டத்து வாழப்பாடிப் பக்கத்தில் பொங்கலையொட்டி வங்காநரியை வலை வைத்துப் பிடித்து ஊர்வலம் விடும் வழக்கமும் உண்டு. நரிமுகத்தில் விழித்தால் ஊர் செழிக்கும் என்பது நம்பிக்கை. வனத்துறை தண்டம் விதிக்கிறது; மக்கள் தண்டத்தைக் கட்டிவிட்டு விழாவை நடத்துகிறார்கள். நரியைப் பிடிப்பவர்மேல் சட்டம் பாய்கிறது. அது வாழும் புதர்க்காட்டை உழுது மனையாக்குபவரைத் தேடி எந்த ஊதலும் ஊதப்படுவதில்லை.

நீர்வேலிக்குத் திரும்புகிறேன். குஞ்சியப்புவின் துவக்கு 1980களின் நடுவில் போயிற்று. வீடுவீடாகத் துவக்குகளைச் சேகரித்துக்கொண்டு போனவர்களிடம் மறுபேச்சின்றி எடுத்துக் கொடுத்தார். 1995 அக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது அவரும் நடந்தார். திரும்பி வரவில்லை, இடம்பெயர்ந்த இடத்திலேயே கண்மூடினார். அடுத்த ஆண்டு ஊர் திரும்பிய உறவினர் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதினார். வீட்டின் விறாந்தையில் நரி படுத்திருந்ததாம். ஆளைக் கண்டும் அவசரப்படாமல் எழுந்து போனதாம். பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்பார்கள். ஷெல்லுக்கும் அஞ்சவில்லை போலும்.

2002இல் ஏ9 பாதை திறந்தபின் நான் ஊருக்குப் போனேன். வயற்கரையில் பொழுதுபடும் வரை இருந்தேன். ஊளை கேட்கவில்லை. வடலிப் பற்றைகள் இருந்த இடத்தில் வெட்டுண்ட பனங்குற்றிகள் நின்றன. என்ன எண்ணினேனோ, வேலியில் ஒரு பூவரசமிலையைப் பறித்துச் சுருட்டினேன். 39 ஆண்டுகளுக்குப் பிறகு பல்லால் கடித்து ஊதினேன். வாய் மறக்கவில்லை. இரண்டு தரம் அலறிக் களைத்து முனகினேன்.

சற்று நேரத்தில் வரம்பின் மேல் ஒரு நிழல் வந்து நின்றது. தலையைச் சாய்த்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு அது வாலை ஆட்டியது. அயல் வீட்டு நாய்.

பண்ணை நண்பர் அந்தத் தகர ஊதலை எனக்கே அன்பளிப்பாகத் தந்துவிட்டார். மேசை இழுப்பறையில் இருக்கிறது. இதுவரை ஊதவில்லை.

வாசகர்களே, உங்கள் ஊரில் நரியின் ஊளையைக் கடைசியாக எப்போது கேட்டீர்கள்? நினைவுக்கு வராவிட்டால் வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கோழிக் கணக்கை அவர்கள் மறந்திருக்கக் கூடும். ஊளையை மறந்திருக்க மாட்டார்கள்.