கிளந்தானில் வெள்ளம், பினாங்கில் வெயில்

பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறியதும் எல்லாரும் ஜார்ஜ்டவுன் பக்கமே பார்ப்பார்கள். நீங்கள் ஒரு நிமிடம் திரும்பிக் கிழக்கே பாருங்கள். அங்கே வெகு தொலைவில், தீபகற்பத்தின் முதுகெலும்புபோல் தித்திவங்சா மலைத்தொடர் கிடக்கிறது. பினாங்கின் மழைக்கணக்கில் அதற்குப் பெரும் பங்குண்டு.

நவம்பரில் 'வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டது' என்று வானொலி சொல்லும். கிளந்தானிலும் திரெங்கானுவிலும் ஆறுகள் கரை புரளும். அதைக் கேட்டுப் பினாங்குப் பயணத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. டிசம்பர், ஜனவரிப் பயணமானால் அந்தப் பயம் வேண்டியதில்லை! தென்சீனக் கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் காற்று, கிழக்குக் கரையிலேயே மூட்டையை இறக்கிவிடுகிறது. மலை தாண்டி வருவது பெரும்பாலும் காய்ந்த காற்றுதான். பினாங்கில் ஜனவரியின் சராசரி மழை ஏறக்குறைய 70 மில்லிமீட்டர். அக்டோபரிலோ 380! தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வெறுங்காலோடு நடந்தவர்களைக் கேளுங்கள், தார்ச்சாலை எப்படிச் சுட்டது என்று.

நம் பாட்டன்மார் ஊரிலிருந்து கொண்டுவந்த மாதக்கணக்கும் இங்கே பாதிதான் பலிக்கும். ஐப்பசி அடைமழை இங்கும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் அது வடகிழக்குக் காற்றின் மழை. பினாங்கில் இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலத்து இடிமழை. அதனால் மார்கழிக்குள் இங்கே மழை ஓய்ந்துவிடும். சித்திரையில் அங்கே வெயில் மண்டையைப் பிளக்க, இங்கே இன்னொரு மழைக்காலம் வந்து நிற்கும்.

மலேசிய வானிலைத் துறை, வரும் ஆறு மாதங்களுக்கு எந்த மாநிலத்தில் மழை கூடும், எங்கே குறையும், எங்கே சராசரி என்று முன்கூட்டியே சொல்கிறது. 'சராசரி' என்றதும் நிம்மதியாகி விடாதீர்கள். அக்டோபரில் சராசரி என்றாலே பெருமழைதான்!

பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மழை எவ்வளவு என்பதைவிட, எந்த நேரத்தில் என்பதே பெரிது. ஏப்ரலில் ஜூனைவிட மழை அதிகம். ஆனால் அது பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு கொட்டும்; அதற்குள் பால் எடுத்து முடிந்திருக்கும். தென்மேற்குப் பருவத்தில் 'சுமத்ரா' என்கிற காற்றுமழை இரவில் மலாக்கா நீரிணையைக் கடந்து, விடியும் முன்னே வந்து அறையும். ஒருமணி, இரண்டுமணி நேரந்தான். ஆனாலும் பட்டை நனைந்துவிட்டால் அன்றைய வெட்டு போச்சு. வெட்டு போனால் அன்றைய வருமானத்துக்கும் அடி. மாத மழைக்கணக்கில் இந்த இழப்பு தெரியவே தெரியாது.

எல் நினோ ஆண்டென்றால் வெயிலும் சேர்ந்துகொள்ளும். 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் சூப்பிங்கில் 40.1 பாகை பதிவானது அப்படியொரு காலத்தில்தான். செம்பனை அந்த வறட்சியை உடனே காட்டாது; பல மாதங்கள் கழித்துக் குலை குறையும்போதுதான் தெரியும்.

ஆறு மாதக் கணிப்பு ஒரு ராத்திரி மழையைச் சொல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு முழுதும் புயலோடு கொட்டிய மழையில் பினாங்கு மூழ்கியது. ஏழு பேர் இறந்தார்கள். அத்தகைய நாளுக்கு அன்றன்றைய எச்சரிக்கையைத்தான் கேட்கவேண்டும். மழைக்கு ஏற்ற மாதமல்லவா என்று இருந்துவிடக் கூடாது.

பயணத்துக்கு மாதம் கேட்கிறீர்களா? ஜூனில் வாருங்கள். மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவில் டுரியான் விழும் காலம். ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில்தான் அந்த மரம் பூக்கும். அப்போது மழை விடாமல் பெய்தால் பூ குறையும், இருக்கிற பூவும் உதிரும். கடைக்காரர் விலையைக் கூட்டிச் சொன்னால், 'பிப்ரவரியில் மழையா?' என்று கேட்டுப் பாருங்கள்.