மொட்டைக் கோபுர காலத்துச் சாப்பாடு

1950களில் தென்காசியில் ரயிலை விட்டு இறங்கியவர்கள், இன்றைக்கு ஊருக்கு அடையாளமாக நிற்கும் ஒன்பது நிலைக் கோபுரத்தைப் பார்த்திருக்க முடியாது. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுரம் அப்போது சிதைந்து கிடந்தது. மொட்டைக் கோபுரம் என்றே பேர். புதுக் கோபுரம் எழுந்து குடமுழுக்கு நடந்தது 1990இல். குற்றாலச் சாரலுக்கு வருகிற இளவட்டங்களோ, அது பாண்டியன் காலத்திலிருந்தே இப்படி நிற்பதாக நினைத்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள். சாப்பாட்டு விஷயத்திலும் இந்த வட்டாரத்தில் இதே கதைதான். நேற்று வந்தது பாரம்பரியம் என்று இலையில் உட்கார்ந்திருக்கிறது. நெடுங்காலம் இருந்தது சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டது.

பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய சென்னைக்காரர் ஒருவர் இதைத் தெரிந்துகொண்டது கீழப்பாவூரில். பாவூர்சத்திரத்தை ஒட்டிய பேரூர். பெரிய குளம், சுற்றிலும் வயல், பதினாறு கைகளோடு உட்கார்ந்திருக்கும் நரசிம்மர். திண்ணையில் பீடி சுற்றும் பெண்கள் இன்றும் உண்டு. அவருடைய பெரியம்மை இங்கேதான் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். பழைய சாப்பாட்டை எல்லாம் ஒரு சுற்றுச் சாப்பிட்டுப் பார்த்துவிடுவது என்று வந்தவர் கையில் ஒரு பட்டியல்: உளுந்தஞ்சோறு, கூட்டாஞ்சோறு, சொதி, கருப்பட்டிக் காப்பி, கம்பங்கூழ், இட்லி.

பெரியம்மை பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "எய்யா, இம்புட்டும் ஒரே வீட்டுல என்னைக்குல இருந்துது?" என்றார்.

கேள்வி நியாயமானது. இட்லியை எடுத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் பெரும்பாலான வீடுகளில் அது தீபாவளிப் பலகாரம். அரிசி வேண்டும், உளுந்து வேண்டும், முதல்நாள் சாயங்காலம் ஆட்டுரல் முன்னால் இரண்டு கை ஓயாமல் உழைக்க வேண்டும். மாவாட்டும் கிரைண்டர் கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் பிறந்ததே 1950களில்தான். அது கிராமத்துக்கு வர மின்சாரமும் வர வேண்டியிருந்தது. அன்றாடம் என்றால் கம்பு, சோளம், கேப்பை, பழையது. நெல் விளைகிற ஊரிலும் நெல் எல்லார் வீட்டுப் பானைக்கும் போனதில்லை.

அரிசி அருமையானதற்கு உள்ளூர்க் காரணம் மட்டும் போதாது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி நின்றுபோனது. அதையே நம்பியிருந்த திருவிதாங்கூரில் பஞ்சம் வந்தது. மரச்சீனிக் கிழங்கு சோற்றின் இடத்தைப் பிடித்தது. மலைக்கு இந்தப் பக்கம் சென்னை மாகாணத்தில் ரேஷனும் கட்டுப்பாடும். போர் முடிந்த பிறகும் அவை தொடர்ந்தன. 1952இல் முதலமைச்சராக வந்த ராஜாஜிதான் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். பெரியம்மைக்கு அரசியல் தேதிகள் நினைவில் இல்லை. மரச்சீனி நினைவிருக்கிறது. அவித்து, மிளகாயும் உப்பும் அரைத்துத் தொட்டுத் தின்றது. இன்றைக்கு அதே கிழங்கு குற்றாலம் ரோட்டில் மிளகாய்ப்பொடி தூவிய சிப்ஸாகப் பொட்டலத்தில் விற்கிறது.

உளுந்தஞ்சோறு மட்டும் பட்டியலில் தப்பியது. தொலி உளுந்து, அரிசி, பூண்டு, வெந்தயம், கடைசியில் ஒரு கை தேங்காய்ப்பூ. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். வீட்டில் வயதுக்கு வந்த பெண் இருந்தால் உளுந்து இன்னும் தாராளமாகச் செலவாகும்: கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மிதக்கும் உளுந்தங்களி. இடுப்புக்குப் பலம் என்பார்கள். அளவெல்லாம் உழக்கிலும் நாழியிலும். பெரியம்மை இப்போதும் கிலோக் கணக்கை மனதுக்குள் வீசையாக மாற்றித்தான் பேசுகிறார். நாற்பது பலம் ஒரு வீசை, இன்றைய கணக்கில் 1.4 கிலோ. 1957 ஏப்ரலில் நயாபைசா வந்து, அடுத்த சில ஆண்டுகளில் மெட்ரிக் எடை வந்து, அணாவும் வீசையும் சட்டப்படி ஒழிந்தன. சமையற்கட்டில் சட்டம் மெதுவாகத்தான் நுழையும்.

சொதி வேறு கதை. அது திருநெல்வேலிச் சைவ வேளாளர் வீட்டுக் கல்யாணச் சாப்பாடு. மாப்பிள்ளை வீட்டாரை உபசரிக்கும் மறுவீட்டு விருந்து. தேங்காயை மூன்று பாலாகப் பிழிந்து, பாசிப்பருப்பு சேர்த்து, எலுமிச்சை பிழிந்து இறக்குவது. கூடவே இஞ்சிப் பச்சடி. தேங்காய்ப்பால் பழையது, சரி. உள்ளே கிடக்கும் காரட்டும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் இங்கிலீஷ் காய்கள் ஆயிற்றே! திவசத்துக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட காய்கள் மாப்பிள்ளை விருந்தில் முதல் பந்தியில் உட்கார்ந்த விசித்திரம் நெல்லைக்கே உரியது.

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு மாட்டு வண்டி கட்டிப் போனதைச் சொல்லும்போது பெரியம்மையின் குரல் மாறுகிறது. வாழை இலையில் பொதிந்த புளிச்சோறு, ஓலைக்கொட்டானில் சீடை. எண்ணெய் தேய்த்துப் பேரருவியில் நின்றுவிட்டு வந்தால் கல்லையும் தின்னும் பசி. அதே குற்றாலத்தில், ஒரு பங்களாவில் இன்னொரு விதமான சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. கம்பராமாயண ரசிகரான ரசிகமணி டி.கே.சி. 1954இல் மறையும்வரை அங்கே வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டவர்; கம்பனும் கறிவகையும் ஒரே பந்தியில் பரிமாறப்பட்ட வீடு. கல்கி வந்திருக்கிறார், ராஜாஜி வந்திருக்கிறார். தமிழ் எழுத்தில் குற்றாலச் சாப்பாட்டுக்குக் கிடைத்த புகழ் பெரும்பாலும் அந்த வீட்டு வாசல் வழியாக வந்தது. மாட்டு வண்டியில் வந்த புளிச்சோற்றைப் பற்றி எழுத ஆள் இல்லை.

இலை எல்லாருக்கும் விரியவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். காப்பி கிளப்புகளில் சாதிக்கொரு இடம், டீக்கடையில் தனி டம்ளர். ஓட்டலில் தீண்டாமை பார்த்தால் தண்டனை என்று நாடு முழுமைக்குமான சட்டம் வந்ததே 1955இல். 'அந்தக் காலத்துக் காப்பி மணம்' என்று உருகுகிறவர்கள் அந்த டம்ளரையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால் நல்லது.

சாயங்காலம் செங்கோட்டைப் பக்கம் போனார் சென்னைக்காரர். பிரானூர் பார்டர். ரஹ்மத் கடையில் இடம் பிடிக்கவே நேரமாகிறது. உள்ளங்கை அகலத்துக்குச் சிறிய பரோட்டா, சால்னா, நாட்டுக்கோழி, காடை. தென்காசியின் அடையாள உணவு எது என்று கேட்டால் வெளியூர்க்காரர்கள் இதைத்தான் சொல்வார்கள். பார்டர் என்ற பேருக்கேற்ப இங்கே எல்லை இருந்தது உண்மை. செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. சங்கு முத்திரை பொறித்த பழைய வளைவு இன்னும் ஊரில் நிற்கிறது. எல்லை தாண்டினால் காசே வேறு: பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம். 1956 நவம்பர் 1ஆம் தேதி செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, எல்லை மலைக்கு நகர்ந்தது. பெயர் மட்டும் பிரானூரிலேயே தங்கிவிட்டது.

அதே 1956 ஆகஸ்டில்தான் பி.எல்.480 திட்டத்தில் அமெரிக்கக் கோதுமை வாங்க இந்தியா முதல் ஒப்பந்தம் போட்டது. அந்தக் கோதுமைக்கும் இந்தப் பரோட்டாவுக்கும் நேராக முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஆனால் கம்பும் சோளமும் தின்ற பூமியில் மைதா எப்படி ஊருக்கே முகவரியானது என்று யோசிப்பவர்கள் அந்த ஆண்டைத் தாண்டிப் போக முடியாது. வந்தவர் ஆறு பரோட்டாவும் ஒரு காடையும் சாப்பிட்டார். பிரமாதம். பழைய சாப்பாடு தேடி வந்தவர் என்பது அந்த நேரத்தில் அவருக்கே மறந்திருந்தது.

மறுநாள் குற்றாலத்தில் வண்டிக்கடைக் கம்பங்கூழும் குடித்தார். மோர்மிளகாய், மாங்காய்க் கீற்று, வத்தல் என்று நாலைந்து தொட்டுக்கறி. வீடு திரும்பிச் சொன்னபோது பெரியம்மைக்கு ஒரே வியப்பு. "துட்டு குடுத்தா குடிச்ச? சோளச்சோத்த நெனச்சா எனக்கு இன்னைக்கும் தொண்டையில எறங்க மாட்டேங்கு. கூழுக்கு நாலு தொட்டுக்கறி வச்சிருந்தா நாங்களும் ருசின்னுதான் சொல்லியிருப்போம்." பிறகு ரவா தோசை நன்றாகப் போடுகிற கடை எது என்று பேச்சை மாற்றிவிட்டார்.

ஊருக்குக் கிளம்பும் காலையில் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை. சுற்றுவட்டாரத்துக் கத்திரி, வெண்டை, முருங்கை, பச்சை மிளகாய், பல்லாரி எல்லாம் மூட்டையாகி ஏலம் போகிறது. பெரும்பகுதி லாரியேறி, செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குப் போகும். 1904இல் இதே தடத்தில் கொல்லத்துக்கு ரயில் போட்டதற்கும் சரக்குத்தான் முக்கியக் காரணம். ஓணம் நெருங்கினால் விலை எகிறும். விவசாயிக்கு அதுதான் திருவிழா. மலைக்கு அந்தப் பக்கம் இருபதுக்கு மேற்பட்ட கறிகளோடு ஓணம் விருந்தான சத்யாவுக்கு இலை போடுவார்கள். அந்த வாரத்தில் கீழப்பாவூரில் அவியல் வைக்க நினைப்பவர்கள் விலையை விசாரித்துவிட்டு, கத்திரிக்காய்ப் புளிக்குழம்போடு நிறுத்திக்கொள்வார்கள்.