சாம்பல் பூத்த மரிக்கொழுந்து

பெருமுக்கல் மலையடிவாரத்தில் ஒரு தாய்க்கும் மகனுக்கும் அரை ஏக்கர் செம்மண் நிலம். வழக்கமாக மல்லாட்டைதான். போன ஆண்டு ஐந்து சென்ட்டை மட்டும் மரிக்கொழுந்துக்கு ஒதுக்கினார்கள். அம்மாவின் தோடு அடகுக்கடையில் இருந்தது. கதம்பத்துக்குக் கட்டும் கொழுந்தைத் திண்டிவனம் பூக்கடைகளுக்குக் கொடுத்தால் மீட்டுவிடலாம் என்று கணக்கு.

அவசரப்பட்டு ஐப்பசியிலேயே சமபாத்தியில் விதைத்தான் மகன். அடைமழையில் நாற்றுகள் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தன. மீதியிருந்த விதையை மழை விட்ட பிறகு, கார்த்திகைக் கடைசியில், அம்மாவே மேட்டுப்பாத்தியில் தூவினார். தூசி போன்ற விதை என்பதால் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு மணல் கலந்து, டிரைக்கோடெர்மா விரிடி சேர்த்த மக்கிய எருவை மேலே மெல்லத் தூவி, பூவாளியால் நீர் தெளித்தார்.

மார்கழி வந்ததும் மகனுக்குப் பயம்.

“பனியில கருகிடும்மா, தினம் தண்ணி விடணும்.”

“பனி ஒண்ணும் பண்ணாதுடா. கால்ல ஈரம் நின்னாத்தான் சாவும்.”

அவர் சொன்னது சரி. மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த வெள்ளியிலைச் செடிகள் ஐரோப்பாவில் பனிக்கட்டி மூடும் தோட்டங்களிலும் ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன. அங்கேயும் குளிரைவிட, வேரில் தேங்கும் குளிர்கால ஈரத்துக்கே அவை அதிகம் மடிகின்றன. வறண்ட வெயில் நிலத்துக்கான உடம்பு அது. இலையின் வெண்மை நுண்ணிய முடிகளால் வருவது. வெயிலைத் திருப்பியனுப்பி, இலையின் ஈரத்தையும் காக்கிறது.

தையில் பிடுங்கி நட்ட பயிர் தழைத்ததும் இன்னொரு கலக்கம். இலையெல்லாம் சாம்பல் நிறம். சாம்பல் நோய் என்று நினைத்து மகன் கந்தகத் தூள் வாங்கி வந்துவிட்டான். இந்தத் தவறு பலர் செய்வது. நிறத்தைப் பார்த்தே மருந்து வாங்குவது நம் ஊரில் பழகிப்போன செலவு. அம்மா ஓர் இலையை விரலால் தேய்த்தார். நோயாக இருந்தால் மாவு போல ஒட்டியிருக்கும். விரலில் வாசனை மட்டும்தான் ஒட்டியது. வேப்பமர நிழலில் இருந்த வரிசை மட்டும் வெண்மை குறைந்து, பச்சையாக, மெலிந்து நெட்டையாக ஓடியிருந்தது. அடுத்த முறை அந்த இடத்தில் நடப்போவதில்லை.

மாசிக் கடைசியில் முதல் அறுப்பு. வந்த பணம் வட்டிக்கும் அசலில் கொஞ்சத்துக்கும் போனது. தோடு இன்னும் கடையில்தான். இரண்டு வரிசையை அறுக்காமல் பூக்க விட்டிருக்கிறார்கள். பழைய விதை முளைக்காது. வரும் கார்த்திகைக்கு இந்த ஆண்டு விதைதான் வேண்டும்.